பன்னெண்டு கட்டில்

கணவன்: ...கத்தாம கேளு. முப்பது சதவீதம் ஏத்தின, அதே முப்பதை இறக்கின. அப்ப அசலுக்கே குடுத்ததா ஆயிடுமா?

மனைவி: ஆகாதா பின்ன? ஏறின படியிலதானே இறங்கினேன்.

கணவன்: அங்கதான் சறுக்கிட்ட. ஒரு தலையணைக்குப் பஞ்சு, துணி, ஜிப்பு, உன் தையல் கூலி... எல்லாம் சேர்த்து அடக்கம் எவ்வளவு?

மனைவி: இருநூறு. முப்பது சதவீதம் வெச்சு இருநூத்தி அறுபது. இதுகூடவா தெரியாது எனக்கு?

கணவன்: இப்ப அந்த இருநூத்தி அறுபதுல முப்பது சதவீதம் தள்ளு.

மனைவி: எழுபத்தெட்டு போனா... நூத்தி எண்பத்திரண்டு. அய்யய்யோ!

கணவன்: ஏத்தினது சின்ன தொகைமேல, இறக்கினது பெரிய தொகைமேல. தலையணைக்குப் பதினெட்டு கையை விட்டுப் போகுது.

மனைவி: மார்ஜின் முப்பதுன்னு ஊரெல்லாம் பீத்திக்கிட்டேனே...

கணவன்: அதுவும் தப்பு தாயே. லாபம் அறுபது, விக்கிற விலை இருநூத்தி அறுபது. அதுல பார்த்தா நூத்துக்கு இருபத்திமூணுதான்.

மனைவி: சிரிக்காதீங்க. நாளைக்குக் கடை ஓனர் வந்து, "வெச்சுக்கறியா, காலி பண்றியா"ன்னு கேப்பாரு. போன மாசமும் கையைக் கடிச்சுது. பேசாம பழைய கம்பெனிக்கே தைக்கப் போயிடறேன்.

கணவன்: ஏய்... அழறியா? இரு, முடியில பஞ்சு. நரைச்ச மாதிரி இருக்கு.

மனைவி: இந்தக் கடையால நரைச்சதுதான், விடுங்க.

கணவன்: தள்ளுபடி எல்லாருக்குமா குடுத்த?

மனைவி: ஒருத்தருக்குத்தான். மாசாமாசம் அம்பது வாங்குறாரே, உங்க கூடப் படிச்ச விடுதிக்காரர்.

கணவன்: அவனுக்கா! அவன்... கேட்டானா?

மனைவி: கேக்கல. நானாத்தான் குடுத்தேன்.

கணவன்: கேக்காதவனுக்கு எதுக்குடி...

மனைவி: உங்களுக்கு ஏன் இப்படி வேர்க்குது?

கணவன்: ஃபேன் ஓடல.

மனைவி: ஓடுது.

கணவன்: நடந்து வந்தேன்ல, அதான்.

மனைவி: ஆமா, ஸ்கூட்டர் நாலு மாசமா மெக்கானிக்கிட்டயே இருக்கு. என்ன ரிப்பேரோ!

கணவன்: கணக்கைப் பாரு நீ! மத்தவங்க வாங்கினது அறுபது தலையணை. லாபம் மூவாயிரத்தி அறுநூறு. விடுதியால போனது தொள்ளாயிரம். மிச்சம் ரெண்டாயிரத்தி எழுநூறு. வாடகை மூவாயிரம். அதான் துண்டு விழுது.

மனைவி: அப்ப... விடுதி ஆர்டரே இல்லாட்டி?

கணவன்: வாடகை போக அறுநூறு நிக்கும்.

மனைவி: நிஜமாவா? அவர் வாங்காமலே என் கடை நிக்குமா?

கணவன்: நிக்கும்டி. உன் தையலுக்காக வாங்குறவங்களே போதும். அவனை நிறுத்திடு.

மனைவி: நீங்களே நிறுத்திடுங்க.

கணவன்: நான் எப்படி... அது அவன் ஆர்டர்.

மனைவி: நிறுத்திட்டு, அந்தக் காசுல ஸ்கூட்டரைத் திரும்ப வாங்குங்க.

கணவன்: ...எப்பலேருந்து தெரியும்?

மனைவி: ரெண்டாவது மாசம் நானே தலையணையைக் கொண்டுபோய்க் குடுத்தேன். அந்த விடுதியில மொத்தமே பன்னெண்டு கட்டில்தாங்க. அன்னிக்குதான் தள்ளுபடி போட்டேன்... கட்டின புருஷன்கிட்டயே லாபம் வெச்சு விக்க மனசு வரல.