துணி காயவைக்கும் அறை

சமுதாயக் கல்லூரி என்றாலே வேறு எங்கும் இடம் கிடைக்காதவர்கள் போகிற இடம் என்று ஒரு பேச்சு இருக்கிறது. நான் அதை ஒப்புக்கொள்ள மாட்டேன். விளையாட்டு மேலாண்மையும் பயிற்சியும் என்ற எங்கள் பிரிவில் சொல்லிக்கொடுப்பதில் முக்கால்வாசி வாழ்க்கைக்கு உதவுகிற விஷயம். நனைந்த கையுறையை எப்படிக் காயவைப்பது, கோபமாக வருகிற பெற்றோரை எப்படிச் சமாளிப்பது, ஒருவர் மயங்கி விழுந்தால் முதலில் என்ன செய்வது. இந்தக் கடைசிப் பாடத்தில் வகுப்பிலேயே நான்தான் முதல் மதிப்பெண். பெருமைக்குச் சொல்லவில்லை. பாவம், அவளுக்குத் தெரியாமல் நடந்துவிட்டது என்று யாராவது எனக்காகப் பேச வருவார்கள். அவர்களிடம் நீங்கள் இதைச் சொல்லலாம்.

எங்கள் ஆசிரியருக்கு நாங்கள் வைத்த பெயர் விசில். தூங்கும்போதுகூடக் கழுத்தில் விசில் தொங்கும் என்று கேலி செய்வோம். நல்ல மனிதர். சேர்ந்த புதிதில் ஒருநாள், எடை பார்க்கும் மிஷினைத் தூக்கிப் பயிற்சிக்கூடத்து மெத்தை மேல் வைத்துத் தானே ஏறி நின்றார். கண்ணெதிரே குண்டாகிவிட்டார்.

"பாத்துக்கங்க. மெத்துன்னு இருக்கிற எடத்துல வெச்சா இது இஷ்டத்துக்குக் கூட்டிச் சொல்லும். எப்பவும் சிமெண்டுத் தரைதான்" என்றார். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன்.

கடைசிப் பருவத்தில் ஒவ்வொருவரும் ஓர் ஆளைத் தயார்செய்து போட்டிக்கு அழைத்துப்போக வேண்டும். அதுதான் செய்முறைத் தேர்வு. நான் என் தங்கையை எடுத்துக்கொண்டேன். வீட்டில் அவள் சிட்டு. விளையாட்டு, குத்துச்சண்டை. நானும் ஒரு காலத்தில் ஆடியவள்தான், முட்டி போய்விட்டது. அதை நினைத்து மூலையில் உட்கார்ந்து அழுகிற ஆள் நான் இல்லை. அவளுக்கு அப்போது நேராக நிற்கக்கூடத் தெரியாது. அடி வந்தால் கண்ணை மூடிக்கொள்வாள். அவளை ஆளாக்கியது நான். இதை யாரும் மறுக்க முடியாது, ஆனால் எல்லோரும் மறுத்தார்கள்.

ஒரு விஷயத்தில் மட்டும் என் பேச்சு எடுபடவில்லை. கூடத்துக்குள் வந்துவிட்டால் அக்காவும் இல்லை தங்கையும் இல்லை, என்னைக் கோச் என்று கூப்பிடு என்று வாய் வலிக்கச் சொன்னேன்.

"போக்கா. நேத்துதான் என் தலையில பேன் பாத்தே. இன்னைக்குக் கோச்சா?"

சுற்றி நின்ற பெண்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். மரியாதை இல்லாத இடத்தில் பயிற்சி நடக்காது. அது என் சொந்தக் கருத்தில்லை, பாடத்திலேயே இருக்கிறது. அவள் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை.

போட்டிக்குச் சில நாள் முன்னால், உடை மாற்றும் அறையில் அவள் கையில் துணிப்பட்டை சுற்றிக்கொண்டிருந்தேன்.

"அக்கா, ஒண்ணு சொல்வேன். கோவிச்சுக்கக் கூடாது."

"சொல்லு."

"இது முடிஞ்சதும் உங்க விசில் சார் என்னைத் தன்னோட டீமுக்கு வரச் சொல்றாரு. அங்கயே தங்கிப் பழகணுமாம். சரின்னு சொல்லிட்டேன்."

"எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கணும்னு தோணலையாடி?"

"கேட்டா நீ விடமாட்டியேக்கா."

எனக்குக் கோபம் வரவில்லை. பட்டையைக் கொஞ்சம் இறுக்கிவிட்டேன் போலிருக்கிறது, அவள் விரல்கள் வெளுத்துவிட்டன. பிரித்து மறுபடி சுற்றினேன். வீட்டுக்குப் போனால் அம்மாவும் அதே பாட்டு. "அந்த சார் கண்ணுல பட்டதுனாலதான் நம்ம சிட்டு இவ்ளோ தூரம் வந்தா" என்றாள். என் முகத்தைப் பார்த்துத்தான் சொன்னாள். வயிறு எரிந்தது, மறைப்பானேன். ஆனாலும் அன்று சிட்டுவின் தட்டில் சாப்பாடு போட்டது நான்தான்.

போட்டியன்று மதியம் எடை பார்ப்பார்கள். தன் பிரிவின் எடைக்கு மேல் இருந்தால் ஆட முடியாது. கல்லூரிக்கு விடுமுறை. பயிற்சிக்கூடம், சாமான் அறைகளின் சாவி என் பொறுப்பில் இருந்ததால் காலையிலேயே அவளை அங்கே கூட்டிப்போனேன். எடை மிஷின் மெத்தை மேல் இருந்தது. அவள் ஏறி நின்றாள்.

"என்னக்கா, கூடுதலாக் காட்டுது? காலையில வீட்டுல சரியா இருந்துச்சே."

"வீட்டுல இருக்கிறது ஓட்டை மிஷின். இங்க யாருடி கோச்?"

"நீதான் தாயே, நீதான்" என்று பெரிதாகக் கும்பிட்டாள்.

கடைசி நேரத்தில் எடை கூடினால் வியர்க்க வைத்துக் குறைப்பது இந்த விளையாட்டில் எல்லோரும் செய்கிற வேலை. சட்டத்தில் இருக்கிறதா என்று கேட்டால் இல்லை, வழக்கத்தில் இருக்கிறது. துண்டும் கையுறையும் காயவைக்க எங்களிடம் ஓர் அறை உண்டு. ஜன்னல் கிடையாது, இரண்டு பக்கமும் ஹீட்டர். பிளாஸ்டிக் சட்டையைப் போட்டுக்கொண்டு உள்ளே உட்கார்ந்தாள். கதவைத் தட்டினால் திறப்பேன் என்று பேச்சு. தட்டினாள், திறந்தேன். எடை பார்த்தோம். இன்னும் கூடுதல்தான். மறுபடி உட்கார்ந்தாள், மறுபடி பார்த்தோம். அப்போதும் கூடுதல்.

"தண்ணி குடுக்கா. நாக்கு ஒட்டுது."

"எடை வந்தப்புறம்."

"வேணாம்க்கா, தலை சுத்துது. நான் மேல் பிரிவுலயே ஆடிக்கிறேன்."

விளையாடுகிறவர்கள் 'போதும்' என்று சொல்லும்போது உடம்பில் இன்னும் நிறைய மிச்சம் இருக்கும். இதுவும் பாடம்தான். முதுகைத் தட்டிக்கொடுத்தேன். தன் காலால்தான் நடந்து உள்ளே போனாள், நான் தள்ளவில்லை. அந்தக் கதவு சரியாகப் பொருந்தாது, சூடு வெளியே போய்விடும். அதனால் வெளியிலிருந்து அடியில் ரப்பர் கட்டையைச் செருகினேன்.

கொஞ்ச நேரத்தில் தட்டினாள். துவைக்க வேண்டிய துண்டுகள் குவிந்து கிடந்தன. வாஷிங் மிஷினைப் போட்டேன். எங்களுடையது பழைய மிஷின், ஓடினால் அந்தப் பக்கம் பேச்சே கேட்காது.

அந்த நேரம் பார்த்து விசில் உள்ளே வந்தார்.

"சிட்டு எங்கம்மா? எடை எப்பிடி இருக்கு?"

"சரியா வந்துரும் சார்."

"போட்டு வறுத்துராத. தண்ணி குடுத்தியா?"

"குடுத்தேன் சார்."

அந்த அறையின் கதவு அவர் முதுகுக்குப் பின்னால் இருந்தது. கை நீட்டினால் எட்டும். கீழே செருகியிருந்த கட்டையை நான் பார்த்தேன், அவர் பார்க்கவில்லை. ஏதோ கேட்டது போல ஒரு கணம் தலையைத் திருப்பினார். "இந்த மிஷின மாத்தச் சொல்லணும், என்னா சத்தம்" என்று சொல்லிவிட்டு, எங்களைக் கூட்டிப்போக வண்டியை வாசலுக்குக் கொண்டுவரப் போனார். என் உள்ளங்கை வியர்த்திருந்தது. துண்டில் துடைத்துக்கொண்டேன்.

பிறகு திறந்தேன். கதவை ஒட்டியே கிடந்தாள். உடம்பு கொதித்தது, ஆனால் ஒரு சொட்டு வியர்வை இல்லை. அதற்கு என்ன அர்த்தம் என்று பரீட்சையில் எழுதியிருக்கிறேன். முதலில் கட்டையை எடுத்து அலமாரியில் வைத்தேன். எடை மிஷினைச் சிமெண்டுத் தரைக்கு மாற்றினேன். அதற்கப்புறம்தான் சாரைக் கூப்பிட்டேன். அவர் வந்தபோது நான் செய்த முதலுதவியில் ஒரு குறையும் இருக்காது, அவரையே கேட்டுப் பாருங்கள். சிட்டுதான் கண்ணே திறக்கவில்லை.

மெத்தையில் மிஷினின் கால் பதிந்த தடம் இருப்பதை நீங்கள்தான் கண்டுபிடித்தீர்கள். ஆமாம், நான் வைத்ததுதான். அவள் வருவதற்கு முன்பே வைத்தேன். முதல் தடவை உள்ளே போகும்போதே அவள் எடை சரியாகத்தான் இருந்தது. ஒரு போட்டி தவறினால் போதும், சார் அவளை மறந்துவிடுவார், என்னோடு இருந்துவிடுவாள் என்று நினைத்தேன். இவ்வளவும் உண்மை. இதோடு நிறுத்திக்கொள்ளலாம். ஆனால் சார் வண்டி எடுக்கப் போன பிறகும் ஏன் திறக்கவில்லை என்று கேட்கிறீர்கள்.

திறக்கத்தான் போனேன். வாஷிங் மிஷின் அப்போது நின்றிருந்தது. கட்டையின் மேல் கையை வைத்துவிட்டேன். உள்ளேயிருந்து அவள் குரல் வந்தது. அக்கா என்று இல்லை. "கோச்... கோச்..." என்று கூப்பிட்டாள். அவ்வளவு பணிவாக அவள் என்னைக் கூப்பிட்டதே இல்லை. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இன்னும் ஒரு தடவை சொல்லட்டும் என்று காத்திருந்தேன்.