வனஜா அம்மாவின் ஆலமரம்

மாவுப்பூச்சி பிடித்த செடியை முதலில் மற்ற செடிகளை விட்டுத் தள்ளி வைக்க வேண்டும். பாதிப் பேர் இதைச் செய்யாமல் மருந்தை வாங்கிக் கொட்டுகிறார்கள். உங்கள் ஸ்டேஷன் வாசலில் இருக்கிற செம்பருத்திக்கும் அதுதான் வந்திருக்கிறது, மமதா மேடம். உள்ளே வரும்போதே பார்த்தேன்.

நீ தமிழிலேயே எழுதிக்கொடு, கன்னடத்தில் நாங்கள் மாற்றிக்கொள்கிறோம் என்றீர்கள். அதனால் நிதானமாக எழுதுகிறேன். என் பெயர் அன்னம்மாள், வயது ஐம்பத்து நாலு. வீட்டோடு தங்கி நோயாளிகளைப் பார்த்துக்கொள்கிற வேலை. பதினேழு வருடத்தில் பதினொரு வீடு பார்த்திருக்கிறேன். ஒருவருக்கும் படுக்கைப் புண் வர விட்டதில்லை, விசாரித்துக்கொள்ளுங்கள்.

இந்த வேலையில் ஒரு கூத்து உண்டு. நாம் நன்றாகப் பார்த்துக்கொண்டால் நோயாளி தேறிவிடுவார், நமக்கு வீடு போய்விடும். விவேக் நகரில் என் மகன் ஷெர்வினுக்கு ஒரே அறை. நான் போனால் அடுப்படியில் பாய் விரிப்பார்கள். மூன்றாம் நாள், "அடுத்த கேஸ் எப்பம்மா?" என்பான். கெட்டவன் இல்லை, இடம் இல்லாதவன். அங்கிருந்து, எங்களை வேலைக்கு அனுப்புகிற ஏஜென்சியின் ஹாலுக்குப் போய் எட்டுப் பெண்களோடு சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடப்பேன். அந்தச் சுவரை நினைத்தாலே எனக்கு மூச்சு முட்டும்.

அல்சூரில் வனஜா அம்மாவின் வீடு மூன்றாவது மாடி. ஜன்னலைத் திறந்தால் ஏரி. இடுப்பெலும்பு முறிந்து, ஆபரேஷன் முடிந்து அவர்கள் வீடு திரும்பிய அன்று நானும் அங்கே போனேன். மகன் பரத் அயர்லாந்தில் இருக்கிறார், ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் வருவார். கணவர் இறந்து ஆறு வருடம் ஆகிறது. அவர் தொட்டியில் வளர்த்த ஆலமரம் ஒன்று இருந்தது. போன்சாய். இருபத்தைந்து வயது, ஒரு சாண் உயரம். அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்த மூன்று வாரமும் தண்ணீர் ஊற்ற ஆளில்லாமல் காய்ந்து, அந்தத் தளர்ச்சியில் மாவுப்பூச்சியும் ஏறியிருந்தது. காம்புக்குக் காம்பு பஞ்சைப் பிய்த்து ஒட்டியது போல வெள்ளை.

அம்மா அதை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "அவரு கைப்பட வளத்தது அன்னம்மா. இது துளிர் விடட்டும், நானும் எந்திரிச்சு ஏரியைச் சுத்தி ஒரு ரவுண்டு வர்றேன்" என்றார்கள்.

நான் மனசாரத்தான் வைத்தியம் பார்த்தேன். வேப்பெண்ணெயில் கொஞ்சம் சோப்புத் தண்ணீர் கலந்து, பழைய டூத் பிரஷ்ஷால் ஒவ்வொரு காம்பாகத் துடைத்தேன். நொந்து கிடக்கிற மரத்துக்கு உரம் போடக் கூடாது. கிளையை வெட்டக் கூடாது, தொட்டி மாற்றக் கூடாது, மேலே படர்ந்த பாசியைக் கிளறி வேரைத் தொந்தரவு செய்யக் கூடாது. நிழலில் வைத்துவிட்டுச் சும்மா இருக்க வேண்டும். நாற்பதாம் நாள் நுனியில் சிவப்பாக ஒரு துளிர் வந்தது.

அன்றைக்கே அம்மா வாக்கரைப் பிடித்துக்கொண்டு ஹால் வரை வந்துவிட்டார்கள். பிசியோதெரபி செய்ய வருகிற நரேஷ் கைதட்டினார். ஞாயிற்றுக்கிழமை பரத்துக்கு ஒரே சந்தோஷம். "சூப்பர்மா! அன்னம்மாக்கா, நெக்ஸ்ட் மந்த்தோட நீங்க ஃப்ரீ ஆயிடலாம்" என்றார். எனக்கு என்னவோ விடுதலை கொடுப்பது மாதிரி.

வியாழக்கிழமைதோறும் எனக்கு மூன்று மணி நேரம் வெளியே போக அனுமதி உண்டு. குழந்தை இயேசு கோயில் நவநாள் ஜெபத்துக்குப் போவேன். அந்த வியாழக்கிழமையும் மெழுகுவர்த்தி ஏற்றி, அம்மா பூரண சுகம் பெற வேண்டும் என்றுதான் வேண்டிக்கொண்டேன். திரும்புகிற வழியில், பஸ் ஸ்டாப் பக்கத்துச் செம்பருத்தியில் வெள்ளை வெள்ளையாக அப்பியிருந்தது. ஒரு குச்சியை ஒடித்து டிபன் டப்பாவில் போட்டுக்கொண்டேன். வீட்டுக்கு வந்து அதை மரத்தடியில் சாய்த்து வைத்தேன், அவ்வளவுதான். பூச்சிகள் தாமாகவே ஏறிக்கொண்டன.

பத்து நாளில் துளிர் சுருண்டது. அம்மாவிடம் நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவர்களாகவே பார்த்தார்கள். "என்னாலயும் முடியாதுபோல இருக்கு அன்னம்மா" என்று படுத்துக்கொண்டார்கள்.

அதன்பிறகு திங்கள், செவ்வாய், புதனில் துடைப்பேன். வியாழக்கிழமை டப்பா. இரண்டையும் ஒரே அக்கறையோடு செய்தேன். மரம் கண்ணில் படட்டும் என்று தொட்டியை அவர்கள் கட்டில் பக்கத்திலேயே கொண்டுவந்து வைத்ததும் நான்தான்.

மற்றவை சின்னச் சின்ன விஷயங்கள். நரேஷ் காலை முரட்டுத்தனமாகத் திருகுகிறார் என்று பரத்திடம் சொன்னேன், அவரை நிறுத்திவிட்டார்கள். வாக்கரை லாஃப்டில் போட்டேன். போனை நான் வைத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை மட்டும் அவர்கள் முகத்துக்கு நேராகப் பிடிப்பேன். டாக்டர் தூக்க மாத்திரை பாதி எழுதியிருந்தார். நான் இரண்டு கொடுத்தேன். தூங்கினால் உடம்புக்கு நல்லதுதானே. வியாழக்கிழமை போகும்போது வெளியே பூட்டிக்கொண்டு போவேன், காலம் கெட்டுக் கிடக்கிறது. இப்படியே பதினான்கு மாதம். கால்கள் அகப்பைக் காம்பு மாதிரி ஆகிவிட்டன. தினமும் எண்ணெய் தேய்த்துவிடத் தவறியதில்லை.

தொட்டியில் பாசிக்கு அடியில் தூக்க மாத்திரைகள் கிடைத்ததாகச் சொன்னீர்கள். நாக்குக்கு அடியில் ஒதுக்கி வைத்து, நான் அந்தப் பக்கம் போனதும் துப்பிப் புதைத்திருக்கிறார்கள். பாசியைத் தொடக் கூடாது என்பது நான் போட்ட சட்டம். அதனால் நான் பார்க்கவே இல்லை. அதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான். என்னிடம் மறைத்திருக்க வேண்டாம்.

கடைசி வியாழக்கிழமை மழை, நவநாள் முடியுமுன்பே கிளம்பிவிட்டேன். பூட்டைத் திறந்தால் கதவுக்கு அந்தப் பக்கம் அம்மா நிற்கிறார்கள். சாப்பாட்டு மேஜை நாற்காலியை முன்னால் தள்ளித் தள்ளியே அங்கே வரை வந்திருக்கிறார்கள். நைட்டி வியர்வையில் ஒட்டிக்கொண்டிருந்தது. கோபமாகக்கூடப் பேசவில்லை.

"கொஞ்சம் தள்ளிக்க அன்னம்மா. நான் கீழ வரைக்கும் போயிட்டு வர்றேன்."

"மழை பெய்யுதும்மா."

"நனையறேன். நனைஞ்சு எவ்ளோ நாளாச்சு."

எனக்கு ஹாலின் சுவர் ஞாபகம் வந்தது. டிபன் டப்பாவைக் கீழே வைத்தேன். அவர்கள் பிடித்துக்கொண்டிருந்த நாற்காலியை இழுத்தேன். நாற்காலியை மட்டும்தான். அவர்களை நான் தொடவில்லை. இந்தத் தடவை முறிந்தது இடது பக்க இடுப்பு. தண்ணீர் கேனோடு பின்னால் படியேறி வந்த வாட்ச்மேன் முனிகிருஷ்ணன் பார்த்ததாகச் சொன்னானாமே, அவன் பார்த்தது சரிதான். ஆம்புலன்ஸ் வரும்வரை அவர்கள் தலையை என் மடியில் வைத்திருந்தேன் என்பதையும் அவன் சொல்லியிருக்க வேண்டும்.

நான் செய்தது இவ்வளவும். யாரும் மிரட்டி எழுத வைக்கவில்லை.

ஒன்றே ஒன்று, மேடம். சாட்சிப் பொருள் என்று அந்தத் தொட்டியை உங்கள் மேஜை ஓரத்தில் வைத்திருக்கிறீர்கள். பன்னிரண்டு நாளாக அதை யாரும் துடைக்கவில்லை. கான்ஸ்டபிள் குடித்த மிச்சத் தண்ணீரைத்தான் ஊற்றுகிறார். இப்போது எழுதிக்கொண்டே பார்க்கிறேன், நுனியில் இரண்டு துளிர் விட்டிருக்கிறது. என் கை வைத்தியம் வீண் போகவில்லை.

அம்மாவிடம் மட்டும் இதைச் சொல்லிவிடாதீர்கள். சொன்னால் எழுந்து நடக்கப் பார்ப்பார்கள். விழுந்தால் பிடிக்க, இப்போது நான் பக்கத்தில் இல்லை.