மீன் தொட்டி மூடி திறந்து கிடந்தது குறித்து

எனது பெயரும் முகவரியும் இத்தாளின் முகப்பில் எழுதியுள்ளபடி சரியானவை. வயது முப்பத்தொன்பது. மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் பொருத்தும் வேலை செய்து வருகிறேன். மின்சாரம் தாக்கி மருத்துவமனையில் இருப்பவர் என் மாமனார். அது சம்பந்தமாக இந்தக் காவல் நிலையத்தில் பிடித்து வைக்கப்பட்டிருப்பவர் என் கொழுந்தனார். புகார் கொடுத்தவர் என் கணவர். நாங்கள் நால்வரும் ஒரே வீட்டில் குடியிருக்கிறோம்.

என் மாமனார் பஸ் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். தலையில் கொண்டை உள்ள, காக்கட்டீல் என்று சொல்லப்படும் சிறு கிளிகள் ஒரு ஜோடி வளர்த்து வந்தார். ஆண் கிளி நன்றாக விசில் அடிக்கும் என்பதால் அதற்குக் கண்டக்டர் என்றும், பெண் கிளிக்கு டிக்கெட் என்றும் பெயர் வைத்திருந்தார். "இவன் விசில் குடுக்காம நான் நாற்காலிய விட்டு நகர மாட்டேன்" என்று வீட்டுக்கு வருகிறவர்களிடம் எல்லாம் சொல்வார். பகலில் அவற்றைக் கூண்டிலிருந்து திறந்து ஹாலில் பறக்க விடுவது வழக்கம்.

ஏசி மெக்கானிக்காக இருக்கும் என் கொழுந்தனார், மனைவியைப் பிரிந்த பிறகு சென்ற வருடம் எங்கள் வீட்டுக்கு வந்து முன் அறையில் தங்கினார். வரும்போது ஒரு பெரிய கண்ணாடி மீன் தொட்டியையும் கொண்டு வந்தார். கிளிகள் இருக்கும் வீட்டில் திறந்த தண்ணீர் ஆகாது, விழுந்தால் இறகு நனைந்து மேலே எழும்ப முடியாது என்று மாமனார் மறுத்தார். அதன் பேரில் கொழுந்தனார் தொட்டிக்குக் கண்ணாடி மூடி செய்து, நான்கு மூலையிலும் இறுக்கமான கிளிப் போட்டு, குழாய் போகும் இடைவெளியில் கம்பி வலை வைத்து அடைத்தார். கிளி கடிக்காமல் இருக்க, தண்ணீரைச் சூடாக்கும் ஹீட்டரின் ஒயரைக் கெட்டியான பிளாஸ்டிக் குழாய்க்குள் விட்டார். பறக்கும் வேகத்தில் கிளி கண்ணாடியில் மோதாமல் இருக்கப் பக்கவாட்டில் கலர் தாள் ஒட்டினார். மாமனார் மூடியை அழுத்திப் பார்த்து, "இதுல நானே ஏறி நிக்கலாம் போலிருக்கே" என்றார். மூடி திறந்தால் கிளி கூண்டில், கிளி வெளியே வந்தால் மூடி பூட்டு என்று அவர்களுக்குள் பேசிக்கொண்டார்கள்.

கொழுந்தனார் வந்து தங்கியது என் கணவருக்குப் பிடிக்கவில்லை. "அடைகாக்குற கோழி மாதிரி உக்காந்துட்டான், இனி எழுந்திரிக்க மாட்டான். அப்பா வீட்டையும் அவனுக்கே எழுதி வெச்சிடுவாரு" என்று என்னிடம் பலமுறை சொல்லியிருக்கிறார். தம்பியிடம் நேரில் ஒன்றும் சொன்னதில்லை.

அதன் பிறகு ஒரு நாள் நான் வேலை முடிந்து வந்தபோது டிக்கெட் தொட்டியில் செத்து மிதந்தது. மூடி சுவரில் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. மாமனார் அதைத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கொழுந்தனார், "கிளிப் போட்டுட்டுதான் போனேன் அண்ணி, சத்தியமா" என்றார். நான் நம்பவில்லை, கோபமாகவும் பேசிவிட்டேன். என் கணவர், "அப்பவே சொன்னேன்ல" என்றார்.

அன்று வீட்டைக் கூட்டும்போது நான்கு கிளிப்புகளும் செருப்பு ஸ்டாண்டின் மேல், என் கணவர் பைக் சாவி போட்டு வைக்கும் கிண்ணத்தில் இருந்ததைப் பார்த்தேன். கொழுந்தனார் கிளிப்பைக் கழற்றினால் சட்டைப் பையில்தான் போடுவார். நான் அதை யாரிடமும் சொல்லவில்லை. கழற்றிய கையோடு யாரோ போட்டிருக்கலாம் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

கொழுந்தனார் தொட்டியை எடுத்துப் போய்விடுவதாகச் சொன்னார். மாமனார்தான் வேண்டாம் என்றார். மீதியிருந்த கண்டக்டர் தன் ஜோடியைத் தேடிக் கத்திக்கொண்டிருப்பதாகவும், தொட்டிக்குப் பக்கத்தில் வைத்து மீனைக் காட்டினால் அடங்குவதாகவும் சொன்னார்.

அதற்குப் பிறகு என் மனம் நிலைகொள்ளவில்லை. வேலைக்குப் போகுமுன் மூடியைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போவேன். ஒரு நாள் தலைவலி என்று மதியமே வீடு திரும்பினேன். மாமனார் உள்ளறையில் தூங்கிக்கொண்டிருந்தார். என் கணவரின் பைக் வாசலில் நின்றது. அவர் தொட்டியின் முன் நின்றிருந்தார், சட்டைக் கை முழங்கை வரை நனைந்திருந்தது.

"என்னங்க இந்த நேரத்துல?"

"மீனுக்குத் தீனி போட்டேன். பாவம், அதுங்களும் உசிருதானே."

அந்த மீன்களுக்கு அவர் ஒரு நாளும் தீனி போட்டதில்லை. தீனி டப்பா எந்த அலமாரியில் இருக்கிறது என்பதும் அவருக்குத் தெரியாது. அவர் போன பிறகு பார்த்தேன். ஒயரின் மேலிருந்த பிளாஸ்டிக் குழாய் கீழே இறங்கிக் கிடந்தது. அதை மேலே ஏற்றிவிட்டு, மாலையில் கொழுந்தனாரிடம் ஒயரை ஒரு தடவை பார்க்கும்படி மட்டும் சொன்னேன். ஏன் என்று கேட்டார். சும்மாதான் என்றேன். அவர் குழாயை டேப் சுற்றி இறுக்கினார்.

சம்பவத்தன்று காலையில் கொழுந்தனார் வேலைக்குக் கிளம்புமுன் மீனுக்குத் தீனி போட்டு மூடியை மூடினார். "பாத்துக்குங்க அண்ணி, நாலும் போட்டாச்சு" என்று என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். நான் ஒவ்வொன்றையும் தொட்டுப் பார்த்தேன். அதன் பிறகு அவர் வீட்டுக்கு வரவில்லை. மாமனார் கண்டக்டரை வெளியே விட்டுவிட்டு வாசலில் செய்தித்தாள் படித்தார். என் கணவர் அன்று விடுமுறை, ஹாலில் இருந்தார். நான் சமையலறையில் இருந்தேன். சிறிது நேரத்தில் குளிக்கப் போவதாக என் கணவர் சொன்னது கேட்டது.

விசில் சத்தம் பாதியில் நின்றது. அதன் பிறகு தண்ணீர் அடிபடும் சத்தமும், "ஐயோ, கண்டக்டரு" என்று மாமனார் சொன்னதும் கேட்டு ஓடி வந்தேன். மூடி ஒரு பக்கமாகத் தள்ளப்பட்டிருந்தது. மாமனார் தண்ணீரில் கை விட்ட நிலையில் உடம்பு வெட்டி வெட்டி இழுத்து, டீப்பாய் மேல் விழுந்தார். நான் ஓடிப்போய் மெயின் சுவிட்சை நிறுத்தினேன். ஒயரின் மேல் சுற்றியிருந்த டேப் பிரிக்கப்பட்டிருந்தது. குழாய் தரையில் கிடந்தது. மூடி தள்ளப்பட்டதில் ஒயர் சரிந்து, கிளி கடித்துத் தோலுரிந்த இடம் தண்ணீருக்குள் இருந்தது. கிளி உயிரோடு இருந்தது, அதை வெளியே எடுத்துப் போட்டேன்.

அப்போது என் கணவர் குளியலறையிலிருந்து வந்தார். தலை நனையவில்லை. தோளில் துண்டு மடிப்புக் கலையாமல் கிடந்தது. அப்பா கீழே கிடப்பதைப் பார்த்துவிட்டு அவர் முதலில் சொன்னது, "அவன்தான் மூடாம போயிருக்கான், நீயும் பாத்தல்ல?" என்பதுதான். நான் ஆம்புலன்சுக்குப் போன் செய்தேன்.

அந்த நேரத்தில் வீட்டில் இருந்தது நாங்கள் மூன்று பேர்தான். மாமனாருக்கு விரல் மூட்டுகள் வீங்கியிருப்பதால் கிளிப்பை அழுத்திக் கழற்ற முடியாது. தண்ணீர் பாட்டில் மூடியைக்கூட நான்தான் திருகிக் கொடுப்பேன். நான் கழற்றவில்லை. என் கணவர் கழற்றியதை அன்று என் கண்ணால் பார்க்கவில்லை. பார்த்ததை மட்டும் சொல்கிறேன்.

மருத்துவமனையில் மாமனாருக்கு நினைவு திரும்பியதும் என்னை மட்டும் அருகில் அழைத்தார். கை முழுவதும் கட்டுப் போட்டிருந்தார்கள். "பெரியவன் தொட்டிகிட்ட குனிஞ்சி நின்னத வாசல்லேருந்து பாத்தேம்மா. என்னமோ எடுக்குறான்னு இருந்துட்டேன்" என்றார். பிறகு, "நீ ஒண்ணும் சொல்லிக்காத. அவன் குடும்பஸ்தன். சின்னவன் ஒண்டிக்கட்டை, தாங்கிக்குவான்" என்றார். தண்ணீர் கேட்டார், கொடுத்தேன்.

அதற்குள் என் கணவர், கரண்ட் வேலை தெரிந்த தம்பி வேண்டுமென்றே ஒயரை அப்படி விட்டுப் போனதாகப் புகார் கொடுத்துவிட்டார். இன்று காலை இங்கே வரும் வழியில் பைக்கை ஓரமாக நிறுத்தி, "மூடி காலையிலேயே திறந்துதான் இருந்துச்சுன்னு சொல்லு. போதும். வேற எதையும் இழுக்காத" என்றார். நான் பின்னால் உட்கார்ந்தபடியே இங்கே வந்து சேர்ந்தேன்.

அவர் ஒரு கிளியைக் கொல்ல நினைத்தாரா, அப்பாவின் கை தண்ணீருக்குள் போகும் என்று நினைத்தாரா என்பது எனக்குத் தெரியாது. தம்பியை வெளியேற்ற நினைத்தார் என்பது தெரியும். அன்று கிண்ணத்தில் இருந்த கிளிப்பைப் பற்றி நான் வாய் திறந்திருந்தால் மாமனார் இன்று நாற்காலியில் உட்கார்ந்திருப்பார் என்பதும் தெரியும்.

என் கணவர் வெளியே பெஞ்சில் காத்திருக்கிறார். நான் அவருடன் அந்த வீட்டுக்குத் திரும்பிப் போக விரும்பவில்லை. பின்பக்கம் வழி இருந்தால் அதன் வழியாக அனுப்பும்படி கேட்டுக்கொள்கிறேன். முதலில் என் கொழுந்தனாரை வெளியே விடும்படியும் கேட்டுக்கொள்கிறேன்.

பெண் காவலர் ஒருவரை உடன் வைத்துக்கொண்டு எழுதப்பட்ட இதை எனக்கு வாசித்துக் காட்டினார்கள். நான் சொன்னபடியே இருக்கிறது. யாருடைய தூண்டுதலும் இல்லாமல், தெரிந்தே சொன்ன உண்மை என ஒப்புக்கொண்டு கீழே கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்)