வெள்ளையம்மா சொந்தமாக வைத்திருந்த பேய்

ஜொகூரில் சொந்தமாக மாடு வைத்திருந்தவர்கள் உண்டு. கடை வைத்திருந்தவர்கள் உண்டு. மோட்டார் கார் வைத்திருந்தவர்களையும் பார்த்திருக்கிறோம். சொந்தமாக ஒரு பேய் வைத்திருந்தவள் வெள்ளையம்மா ஒருத்திதான். சும்மாவும் வைத்திருக்கவில்லை. நாளொன்றுக்கு முந்நூறு ரப்பர் மரம் பால் வெட்ட வைத்தாள்.

சிரிக்காதீர்கள். இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள், மழைச் சத்தத்தில் காதில் விழாது. அவள் யாரோ எவரோ இல்லை. இதோ இருக்கிற கனகராஜின் சின்னம்மா. அந்த மூலையில், கடைக்கார அமானுல்லா போட்டுக் கொடுத்த காப்பியில் பாலும் சீனியுமாகக் கலக்கிக்கொண்டே தலையை ஆட்டுகிறாரே சபாபதி, அவர்தான் அப்போது அவள் வேலை செய்த ரப்பர் தோட்டத்தில் கிராணி, கணக்கு எழுதுகிறவர். விடியுமுன் ஆட்கள் கூடிப் பேர் கொடுக்கும் பெரட்டில் நின்று, அவர்களைப் பேர் சொல்லிக் கூப்பிட்டவர். இன்றுவரை இந்தக் கதையை அவர் ஒப்புக்கொண்டதில்லை. ஆட்டட்டும்.

முப்பத்தொன்றாம் வருஷம். விடியற்காலை ஐந்து மணி. ரெங்கத்திலிருந்து எட்டு மைல் உள்ளே, தோட்டத்து ஆட்களின் லயத்து வீடுகளை விட்டு ஏழாம் நம்பர் ரப்பர் காட்டுக்குப் போகும் செம்மண் பாதை. ஒன்றரை மைலுக்கு ஒரு குடிசை கிடையாது. நெற்றியில் மண்ணெண்ணெய் விளக்கைக் கட்டிக்கொண்டு வெள்ளையம்மா போகிறாள்... ஒற்றையாக.

ரப்பர் விலை படுத்துவிட்ட வருஷம் அது. வேலை இல்லையென்று ஆட்களைக் கூட்டம் கூட்டமாகக் கப்பலேற்றி ஊருக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். புருஷனைப் பறிகொடுத்த வெள்ளையம்மாவின் பேரும், ஆறு வயது மகள் செல்வராணியின் பேரும் அந்தப் பட்டியலில் இருந்தன. ஊரில் அவளுக்கு நாதியில்லை. கப்பலை விட்டு இறங்கினால் எந்தப் பக்கம் நடப்பது என்றுகூடத் தெரியாது.

"ஏழாம் காட்டுல வீரமுத்து நிரை சும்மா கெடக்கு," என்றார் கங்காணி. "அத வெட்டுனா நீ இருக்கலாம். ஒரு நாள் விட்டாலும் கப்பல்தான்."

நிரை என்றால் ஓர் ஆளுக்கென்று ஒதுக்கிய மரவரிசை. வீரமுத்து அந்த முந்நூறு மரத்தையும் பதினாறு வருஷம் வெட்டி, அங்கேயே பாம்பு கடித்துச் செத்தவன். பெரட்டில் பேர் கூப்பிட்டால் எல்லாரும் "ஐயா" என்பார்கள். அவன் மட்டும் புகையிலை அடைத்த தொண்டையோடு "இந்தா நிக்கிறேன்" என்பான். செத்தவன் பேரைப் பெரட்டில் யாரும் கூப்பிடுவதில்லை. அது அங்கே வழக்கம்.

அவனுக்குப் பிறகு அந்த நிரையில் இறங்கிய அர்ச்சுனன், நாற்பதாவது மரத்தடியில் உட்கார்ந்தவன் உட்கார்ந்தவன்தான். தூக்கிவந்து, பூசாரி வேப்பிலையால் நாலு போட்டு "யாருடா நீ" என்று கேட்டார். அர்ச்சுனன் வாயிலிருந்து வந்தது வேறு குரல். "இந்தா நிக்கிறேன்... எறங்காத... என் நிரை." அடுத்துப் போனவனுக்கு ஒரே காலையில் தலை நரைத்தது. புருவம் உட்பட.

அந்த நிரைதான்.

வெள்ளையம்மா உளியை எடுத்தாள். முதல் மரம்... சரக். இரண்டாவது... சரக். பட்டையில் உறைந்த ஒட்டுப்பாலின் புளித்த வாடை. எங்கோ ஒரு ரப்பர் காய் 'படக்' என்று வெடித்தது. முப்பத்தெட்டு... முப்பத்தொன்பது...

நாற்பதாவது மரத்தில் அவள் இன்னும் உளியை வைக்கவில்லை.

சரக்.

மரத்தில் கட்டியிருந்த மங்குக் கிண்ணத்தில் பால் விழுந்தது. சொட்... சொட்... புகையிலை வாடை வந்தது. பிடரியில் ஈரச்சாக்கைப் போட்டதுபோல ஒரு குளிர். முழங்கால் தானாக மடங்கியது. வாய் தானாகத் திறந்தது.

"எறங்காத. என் நிரை," என்றது அவள் வாய், ஆம்பளைக் குரலில்.

வெள்ளையம்மா தன் வாயிலேயே ஓங்கி ஓர் அறை விட்டாள். ரெங்கம் ஸ்டேஷனில் ரயிலுக்கு நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்களாம்.

"இது என் வாயி. பேசணும்னா கேட்டுட்டுப் பேசு."

"பதினாறு வருஷம் வெட்டுனேன்," என்றது அதே வாய். "என்னுது."

"எது ஒன்னுது? மரம் தொரையோடது. உளி தொரையோடது. நீ செத்த மறுநாளே ஒன் வீட்ட வேற ஆளுக்குத் தொறந்து விட்டாச்சு. ஒனக்குன்னு இருந்தது ஒன் ஒடம்பு ஒண்ணு. அதையும் பாம்புக்குக் குடுத்துட்ட. எனக்குன்னு இருக்கறதும் இது ஒண்ணுதான். இதுல வந்து குந்திக்கிட்டு என்னையே வெரட்டுவியா நீ?"

இருந்ததோ ஒரு வாய். அடுத்து யார் பேசுவது என்று இரண்டு பேருக்குமே தெரியவில்லை.

வெள்ளையம்மாதான் முந்திக்கொண்டாள். "வெட்டத்தான ஆச? காலையில பெரட்டுக்கு வா. பேர் குடு. எனக்கு வெட்டு. பேர் குடுக்காத ஆளுக்கு இந்தத் தோட்டத்துல நிரை கெடையாது லா."

குளிர் இறங்கியது. முழங்கால் நிமிர்ந்தது. மிச்ச மரத்தையும் வெட்டிவிட்டுத்தான் அவள் வீட்டுக்குப் போனாள்.

மறுநாள் பெரட்டு. கும்மிருட்டு. கிராணியின் விளக்கு அவர் கையிலிருந்த பேர்ப் புத்தகத்தின் மேல் மட்டும் விழுந்தது. தன் பேருக்கு "ஐயா" சொன்ன வெள்ளையம்மா, நகரவில்லை.

"அடுத்து வீரமுத்து பேரக் கூப்பிடுங்கய்யா."

நூற்றிருபது பேரும் ஓரடி பின்னால் போனார்கள்.

"வேணாம் கிராணியாரே," என்றார் கங்காணி.

சபாபதிக்கு அப்போது இருபத்திரண்டு வயது. பேய் என்றாலே சிரிப்பு. காதிலிருந்த பென்சிலை எடுத்து, வேண்டுமென்றே ராகம் போட்டு நீட்டினார். "வீ...ர...முத்து."

"இந்தா நிக்கிறேன்."

லயத்து நாய்கள் அத்தனையும் ஒரே நேரத்தில் வாயை மூடிக்கொண்டன.

அன்று வெள்ளையம்மா ஏழாம் காட்டுக்குப் போனபோது முந்நூறு மங்கிலும் பால் தளும்பியது. மரத்தடியில் பட்டைச் சுருள், ஈரம்கூடக் காயாமல். அதன்பின் வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து, வெற்றிலை மென்றபடி இருட்டைப் பார்த்து அதட்டுவதுதான் அவள் வேலை. "அந்த மரத்துல ஆழமாப் போகாத. காயம் பட்டா கங்காணி என்னத்தான் கேப்பான்." சரக் சத்தம் உடனே மெல்லிசாகிவிடும். கப்பல் போயிற்று. அவளும் செல்வராணியும் போகவில்லை.

சபாபதிக்கு மட்டும் அன்று முதல் ஒரே பேச்சு. கூட்டத்தில் எவனோ குரலை மாற்றிச் சொன்னான், அவ்வளவுதான் என்பார்.

"அது எவன்னு இன்னுமா கண்டுபிடிக்கல, கிராணியாரே?" கனகராஜ் சிரித்துக்கொண்டே கேட்டான்.

சபாபதி தலையை ஆட்டவில்லை. கோப்பையைக் கீழே வைத்தார்.

"கூட்டத்துல எவனும் சொல்லல."

"பேரக் கூப்பிட்டதும் நான்தான்... பதில் சொன்னதும் என் வாயிதான். இருட்டுல யாருக்கும் தெரியல. வெள்ளையம்மா மட்டும் என்னையே பாத்துக்கிட்டு நின்னா." அவர் உதட்டைத் துடைத்துக்கொண்டார். "நான் பொகையில போட்டதே கெடையாதுப்பா. தொட்டது கூட இல்ல."

கோப்பையை அமானுல்லாவின் பக்கம் தள்ளினார்.

"இன்னொன்னு போடு தம்பி. சீனி தூக்கலா. ஆறு குடிச்சாச்சு... அந்த ருசி இன்னும் போக மாட்டேங்குது."