பெரியம்மாவுக்கு வந்த மாலை

உளுந்தூர்பேட்டையிலிருந்து விருத்தாசலம் போகும் காலைப் பேருந்தில், எனக்கு முன் இருக்கையில் இரண்டு பெண்கள். சென்னையில் நடந்த ஜப்பானிய அனிமே கார்ட்டூன் விழாவின் கடைசி நாள் வேஷப் போட்டிக்குப் போய்விட்டுத் திரும்புகிறார்கள். ஜன்னலோரம் இருந்தவளின் மடியில், பாலித்தீன் பைக்குள், வெள்ளி நிற விக்.

"எங்க பெரியம்மா சாவுக்கு வந்த மாலைய பெரியம்மாவே கைநீட்டி வாங்கியிருக்காங்கடி" என்றாள் அவள்.

கண்டக்டர் டிக்கெட் கேட்டது என் காதில் விழவில்லை.

"என்னாடி சொல்ற?"

"பீங்கான் கம்பெனியில லீவு தர மாட்டாங்கன்னு, பெரியம்மா செத்துட்டாங்கன்னு சொல்லிட்டுத்தான வந்தேன். நேத்து என்கூட வேலை செய்யிறவங்க மாலையோட வூட்டுக்கே வந்துட்டாங்க. வூட்டுல பெரியம்மா மட்டுந்தான்."

"ஐயோ, மாட்டிக்கிட்டியா?"

"இல்ல. வந்தவங்க துக்கம் கேட்டதுமே பெரியம்மா புரிஞ்சிக்கிட்டு, 'நான் பக்கத்து வூடுங்க, அந்தம்மாவ சொந்த ஊரு ஸ்ரீமுஷ்ணத்துக்கு எடுத்துட்டுப் போயிட்டாங்க'ன்னு சொல்லி மாலைய வாங்கி வச்சிக்கிட்டாங்களாம். நீ தூங்குறப்ப போன் பண்ணாங்க."

"திட்டுனாங்களா?"

"திட்டியிருந்தாத் தேவலாம். 'இன்னிக்கே வேலைக்குப் போனா சந்தேகப்படுவாங்க, ரெண்டு நாள் கழிச்சுப் போ'ன்னாங்க."

விக்கைப் பையின் அடிவரைக்கும் அமுக்கி, வாயை இறுக்கி முடிச்சுப் போட்டாள்.

"அப்புறம், 'பரிசு வந்துச்சா'ன்னு கேட்டாங்கடி. ரெண்டாவது பரிசுன்னு சொல்ல எனக்கு வாயே வரல."