பட்டியலில் இல்லாத பெயர்

ஏழைப் பிள்ளைகளுக்கான மத்தியானச் சோற்றுக்குப் பெயர் கொடுக்க, பள்ளிக்கூட வாசலில் வரிசையாக நின்றோம். எனக்கு முன்னால் நின்றவள் வாத்தியாரிடம் சொன்னாள்:

"எம் மக பேச்சியச் சேத்துக்கங்க, சாமி."

"அவ போன மாசம் செத்துப்போனாளே, தாயி?"

"ஆமா. மனுக் கொடுத்துட்டு, சோறு வரும் வரும்னு காத்துக்கெடந்தே போயிட்டா. வீட்டுல படைக்கிற சோத்தக் காக்கா தொடமாட்டேங்குது."

உள்ளேயிருந்து சமையல்காரர் எட்டிப் பார்த்தார்.

"இங்க ஒரு மாசமா அடுப்படி ஓட்டு மேல ஒத்தக் காக்கா உக்காந்திருக்குங்க. எம்புட்டுச் சோறு வச்சாலும் எடுக்காது."

"எப்படிண்ணே எடுக்கும்? பேரக் கூப்பிட்டுத்தான சோறு போடுறீங்க?" என்றாள் பேச்சியின் தாய்.

வாத்தியார் பெயரை எழுதினார். மை காயுமுன் மெதுவாகக் கூப்பிட்டார்.

ஓட்டின் மேல் சிறகடித்தது. நான் அண்ணாந்து பார்க்கவில்லை.