மரக்காணத்துக்கு வரும் கோச்

புதுச்சேரியிலிருந்து மரக்காணம் போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் ஒரு கணவனும் மனைவியும் இருந்தார்கள். மரக்காணத்து உப்பளம் தெரிந்ததும் அவர் சொன்னார்:

"என்னை வேலையை விட்டு அனுப்பாத ஊரு இது ஒண்ணுதான்."

"இன்னும் சேரவே இல்லியே, எப்படி அனுப்புவாங்க?"

"கோவா, கல்கத்தா, மஸ்கட்டுன்னு எத்தனை ஃபுட்பால் டீமுக்கு கோச்சா இருந்துட்டேன். இந்த உப்பளத்துப் பொண்ணுங்களையும் ஜெயிக்க வெச்சிடுவேன்."

"எல்லா ஊர்லயும் இதைத்தான் சொன்னீங்க. இது எங்க அம்மா வீட்டு ஊரு. இங்கேந்து நான் நகர மாட்டேன்."

"தோத்து, அனுப்பிட்டாங்கன்னா?"

"நீங்க போய்ட்டு வாங்க. டீமை நான் பார்த்துக்கறேன்."

அவர் சிரித்தார். "உன்னையா கோச்சா போடுவாங்க?"

"டீமு ஏன் தோத்துதுன்னு ஒவ்வொரு ஊர்லயும் மறுநாள் காலைல உங்களுக்குச் சொன்னது யாரு?"

மரக்காணத்தில் இறங்கும்போது அவர் தணிந்த குரலில் கேட்டார்: "கோல்கீப்பரா யாரைப் போடலாம்?"